சிறு நிலத்துக்கு எந்த டிராக்டர்? ஹெச்.பி.யைக் கடைசியில் பாருங்கள்

இரண்டு மூன்று ஏக்கர் வைத்திருப்பவர் டிராக்டர் பார்க்கக் கிளம்பினால் வாயில் வரும் முதல் கேள்வி, "எத்தனை ஹெச்.பி. போதும்?" என்பதுதான். அதைக் கடைசியில் கேட்டால் பாதிக் குழப்பம் தீரும். எஞ்சினுக்கு எவ்வளவு வலு என்பதை மட்டும்தான் ஹெச்.பி. சொல்லும். அந்த வலு மண்ணில் இறங்குமா, சக்கரம் வெறுமனே சுற்றுமா என்பது வண்டியின் எடையையும் டயரையும் பின்னால் மாட்டும் கருவியின் அகலத்தையும் பொறுத்தது. 30 ஹெச்.பி. வண்டி வாங்கி வேலிக் கதவுக்குள் நுழைய முடியாமல் நிற்பவர்களும் உண்டு; 18 ஹெச்.பி. வண்டியில் ஐந்து அடி ரோட்டவேட்டரை (சுழலும் கத்திகளால் மண்ணைக் கிளறும் கருவி) மாட்டிவிட்டு எஞ்சின் சரியில்லை என்பவர்களும் உண்டு.

சிறு நிலத்துக்கு நடைமுறையில் இருக்கும் வழிகள் ஐந்து: பவர் டில்லர், மினி டிராக்டர், காம்பாக்ட் டிராக்டர், பழைய பெரிய டிராக்டர், எதையும் வாங்காமல் வாடகைக்கு எடுத்து ஓட்டுவது.

## முதலில் டேப்பை எடுங்கள்

குறுகலான இடம். வேலிக் கதவு, கொட்டகை வாசல், மர வரிசைகளுக்கு நடுவே உள்ள இடைவெளி, தாழ்ந்த கிளைகளின் உயரம் ஆகிய நான்கையும் அளந்து எழுதுங்கள். வண்டியின் அகலம் மட்டும் போதாது. ரோட்டவேட்டர் பின் டயர்களின் வெளி விளிம்பை மூடும் அளவுக்கு இருந்தால்தான் டயர் அழுத்திய தடம் உழவில் மறையும். அப்படியானால் நுழைய வேண்டிய அகலம் கருவியின் அகலம். அதற்கு மேல் பக்கத்துக்கு ஒரு சாண் விடுங்கள்.

கனமான வேலை. அடிக்கடி செய்யும் வேலையையும் கனமான வேலையையும் தனித்தனியே எழுதுங்கள். கனமான வேலை ஆண்டுக்கு ஒரே நாள் வருவதென்றால் அதற்காகப் பெரிய வண்டி வாங்கத் தேவையில்லை. அந்த ஒரு நாளுக்கு வாடகை வண்டி எடுக்கலாம்.

பி.டி.ஓ.வில் கிடைக்கும் ஹெச்.பி. விளம்பரத்தில் இருப்பது எஞ்சின் ஹெச்.பி. கருவியைச் சுழற்ற வண்டியின் பின்னால் சுழலும் தண்டுதான் பி.டி.ஓ. அந்த வலு அதற்கு வந்து சேர்வதற்குள் கியர் வண்டியில் 10 முதல் 15 சதவீதமும், ஹைட்ரோஸ்டாடிக் வண்டியில் (கியருக்குப் பதில் எண்ணெய் அழுத்தத்தால் ஓடுவது) அதைவிடச் சற்று அதிகமும் கழிந்துவிடும். ரோட்டவேட்டருக்கு ஓர் அடி அகலத்துக்கு மணற்பாங்கான மண்ணில் சுமார் 4, களிமண்ணில் 6 பி.டி.ஓ. ஹெச்.பி. என்று கணக்கு வையுங்கள். புதர் வெட்டும் ஸ்லாஷருக்கு அடிக்கு 5. ஆக 20 ஹெச்.பி. வண்டியில் கையில் நிற்பது 17 என்றால், களிமண்ணில் மூன்று அடிக்கு மேல் ஆசைப்படக் கூடாது.

எடை. கலப்பை இழுப்பதற்கு எடைதான் முக்கியம். உறுதியான மண்ணில், ஓட்டும் சக்கரங்களின் மேல் விழும் எடையில் ஏறத்தாழ பாதி அளவுக்கு இழுவை கிடைக்கும். உழுது தளர்ந்த மண்ணில் அது மூன்றில் ஒரு பங்குக்கு இறங்கும். சேற்றிலோ எடையே எதிரி. கனத்த வண்டி அச்சு வரை புதையும்.

ஆண்டுக்கு எத்தனை மணி நேரம். வேலைகளை வரிசையாக எழுதி, ஒவ்வொன்றுக்கும் எதிரே மணியைப் போட்டுக் கூட்டுங்கள். ஓர் ஏக்கர் என்பது 4,047 சதுர மீட்டர். 1 மீட்டர் ரோட்டவேட்டரை மணிக்கு 2.5 கிலோமீட்டர் வேகத்தில் ஓட்டினால் ஏட்டளவில் மணிக்கு 2,500 சதுர மீட்டர். திரும்புவது, ஒன்றன்மேல் ஒன்று படிவது எல்லாம் போகக் கால்வாசி குறையும். ஏக்கருக்கு இரண்டு மணிக்குச் சற்று மேல். துண்டு நிலமாக இருந்தால் இன்னும் கூடும்.

சரிவும் உதிரியும். பக்கச் சரிவு உள்ள நிலத்தில் குறுகிய வண்டி சாயும். ரிம்மைத் திருப்பிப் போட்டுச் சக்கர இடைவெளியைக் கூட்ட முடிகிற வண்டியா என்று கேளுங்கள். உதிரி பாகம் அரை நாளில் கைக்கு வராத வண்டி எவ்வளவு மலிவாக வந்தாலும் வேண்டாம்.

## ஒரு பார்வையில்

| | பவர் டில்லர் | மினி (15–22 ஹெச்.பி.) | காம்பாக்ட் (24–35 ஹெச்.பி.) | பழைய பெரியது (35–45 ஹெச்.பி.) |
|---|---|---|---|---|
| எடை, கிலோ | 250–500 | 600–950 | 1,000–1,600 | 1,600–2,200 |
| வெளி அகலம், மீட்டர் | 0.7–0.9 | 0.9–1.2 | 1.2–1.6 | 1.6–1.9 |
| ஏற்ற ரோட்டவேட்டர் | 45–60 செ.மீ. | 80–100 செ.மீ. | 120–150 செ.மீ. | 150–180 செ.மீ. |
| பின் லிஃப்ட் தூக்குவது, கிலோ | இல்லை | 300–750 | 750–1,200 | 1,100–1,700 |
| ஏக்கருக்கு ஒரு சால் ரோட்டவேட்டர் | சுமார் 5 மணி | 2–2½ மணி | 1½ மணிக்குள் | 1 மணிக்குச் சற்று மேல் |
| லோடர் (முன்னால் மண் அள்ளும் வாளி) | கிடையாது | சிறியது | நன்றாகப் பொருந்தும் | பொருந்தும், ஸ்டியரிங்கைப் பாருங்கள் |

மாடலுக்கு மாடல் இந்த எண்கள் கொஞ்சம் நகரும். எந்த வகை என்று முடிவு செய்ய இவை போதும்.

## பவர் டில்லர்

அரை ஏக்கரிலிருந்து ஒன்றரை ஏக்கர் வரை, குறுகிய படிக்கட்டு வயல், காய்கறிப் பாத்தி, சேற்று வேலை ஆகியவற்றுக்கு இதை அடிக்க ஆளில்லை. வரப்பைத் தாண்டி அடுத்த பாத்திக்கு இறக்கலாம், மூலை வரை உழலாம்.

மறைந்திருக்கும் செலவு உங்கள் உடம்பு. 60 செ.மீ. அகலத்தில் ஓர் ஏக்கரை ஒரு சால் ஓட்டினாலே 6.7 கிலோமீட்டர் நடை. இரண்டு சால் என்றால் பதின்மூன்றுக்கு மேல், அதுவும் உழுத மண்ணில், கைப்பிடியின் அதிர்வைத் தாங்கிக்கொண்டு. ஐம்பது வயதுக்கு மேல் வாங்குபவர்கள் இந்தக் கணக்கை ஒருமுறை போட்டுப் பார்க்க வேண்டும்.

புதிதாக ஓட்டுபவர் தெரிந்துகொள்ள வேண்டிய ஆபத்து ஒன்று உண்டு. இடது கைப்பிடியின் ஸ்டியரிங் கிளட்சை அழுத்தினால் இடது சக்கரத்துக்கு வலு அறுந்து, வண்டி இடப்புறம் திரும்பும். சமதளத்தில் இது சரி. இறக்கத்தில் எஞ்சின் வண்டியைப் பிடித்து நிறுத்திக்கொண்டிருக்கும். அப்போது அதே கிளட்சை அழுத்தினால் இடது சக்கரம் விடுபட்டு வேகமாக உருளும், வண்டி வலப்புறம் பாயும். இறக்கத்தில் கிளட்சைத் தொடாமல் கைப்பிடியைத் தள்ளித் திருப்ப வேண்டும், கியர் முதலாவதில் இருக்க வேண்டும். ரிவர்ஸ் போடும்போது ரோட்டரி சுழலக் கூடாது. சில வண்டிகளில் அதற்குத் தடை இருக்கும். அந்தத் தடை வேலை செய்கிறதா என்று வாங்கும்போதே பாருங்கள்.

டிரெய்லரில் சுமை ஏற்றுவதே முக்கிய வேலை என்றால் இது வேண்டாம்.

## மினி டிராக்டர், 15 முதல் 22 ஹெச்.பி.

ஒன்றரை முதல் நான்கு ஏக்கர் தோப்பு, வரிசைப் பயிருக்கு இடையே உழவு, மருந்து தெளிப்பு, சிறிய டிரெய்லர் இவற்றுக்கு நல்ல இடைநிலை. உட்கார்ந்து ஓட்டலாம். ரோட்டவேட்டர் ஓட்டும்போது மணிக்கு இரண்டரை முதல் மூன்றரை லிட்டர் டீசல் குடிக்கும்.

சிக்கல் கருவியில் தொடங்கும். பெரும்பாலான சிறு கருவிகள் முதல் பிரிவு மூன்று முனை இணைப்புக்கு (வண்டியின் பின்னால் கருவியைப் பிடிக்கும் இரண்டு கீழ்க் கைகளும் மேலே ஒரு டாப் லிங்க்கும்) செய்யப்பட்டவை: கீழ்க் கை பின் 22 மி.மீ., டாப் லிங்க் பின் 19 மி.மீ. மிகச் சிறிய வண்டிகளில் கீழ்க் கை பின் 16 மி.மீ. மட்டுமே. வேறு சிலவற்றில் பின் அளவு சரியாக இருந்தாலும் இரண்டு கைகளுக்கும் இடையே உள்ள தூரம் குறுகல். அண்டை நிலத்துக்காரரின் கலப்பையை இரவல் வாங்கலாம் என்ற எண்ணம் இங்கேதான் உடையும். கருவியும் அந்த அளவுக்கென்றே வாங்க வேண்டும்.

அடுத்தது முன்பக்கம் தூக்குவது. முன் அச்சில் வண்டி எடையில் ஐந்தில் ஒரு பங்காவது எப்போதும் இருந்தால்தான் ஸ்டியரிங் பேசும். 700 கிலோ வண்டியில் 250 கிலோ ரோட்டவேட்டரைத் தூக்கிக்கொண்டு வரப்பு ஏறினால் முன் சக்கரம் காற்றில் நிற்கும். லிஃப்ட் 500 கிலோ தூக்கும் என்று ஏட்டில் இருப்பது கைகளின் நுனியில் வைத்து எடுத்த கணக்காக இருக்கலாம். 61 செ.மீ. பின்னால் தள்ளி எடுத்த கணக்கு வேறு, அது நன்றாகவே குறையும். எந்த இடத்தில் அளந்தது என்று கேட்காமல் இரண்டு வண்டிகளின் எண்ணை ஒப்பிடாதீர்கள். முன்னால் மாட்டும் இரும்பு எடைக் கட்டைகளைப் பேரம் பேசும்போதே சேர்த்துக் கேளுங்கள்.

டூ வீல் டிரைவா, ஃபோர் வீல் டிரைவா என்றால், இந்த எடையில் ஃபோர் வீல்தான். ஓட்டும் சக்கரத்தில் விழும் எடைதான் இழுவை. இவ்வளவு இலேசான வண்டியில் முன் அச்சின் எடையை வீணாக்க முடியாது. ஆனால் கெட்டியான சாலையில் ஃபோர் வீலைப் போட்டுக்கொண்டு ஓட்டினால் முன் பின் சக்கரங்களின் வேக வித்தியாசம் போக இடமில்லாமல் கியர்களை முறுக்கும். டயர் மாற்றும்போது நிறுவனம் சொன்ன அளவையே போட வேண்டும் என்பதும் இதனால்தான்.

## காம்பாக்ட், 24 முதல் 35 ஹெச்.பி.

நான்கிலிருந்து பத்து ஏக்கர் இருந்தால், அல்லது நிலம் குறைவாக இருந்தும் மண் அள்ளுவது, உரம் அள்ளுவது, குழி தோண்டுவது போன்ற லோடர் வேலை அதிகம் இருந்தால் இதுதான். தரமான முதல் பிரிவுக் கருவிகள் எல்லாம் இதற்குப் பொருந்தும். இந்த வகையில் வலு கூடிய வண்டிகள் 120 செ.மீ. ரோட்டவேட்டரைக் களிமண்ணிலும் மூச்சு வாங்காமல் இழுக்கும்.

லோடர் கணக்கை மட்டும் கவனமாகப் போடுங்கள். ஈர மண் ஒரு கன மீட்டர் 1,600 முதல் 1,800 கிலோ. 0.2 கன மீட்டர் வாளி நிறைந்தால் 340 கிலோ. மினி வண்டியின் லோடர் அந்த எல்லையில்தான் திணறும், காம்பாக்டுக்கு அது எளிது. எந்த லோடரானாலும் பின்னால் எடை வேண்டும்: மூன்று முனை இணைப்பில் ஒரு கான்கிரீட் கட்டையோ கனமான கருவியோ. இல்லாவிட்டால் பின் சக்கரம் இலேசாகி, இறக்கத்தில் பிரேக்கும் போய்விடும், ஏனென்றால் பல வண்டிகளில் பிரேக் பின் சக்கரத்தில் மட்டும்தான். டயரில் தண்ணீர் நிரப்புவது மலிவான வழி. வால்வை மேலே வைத்து முக்கால் பங்கு. கால்சியம் குளோரைடு கலந்தால் எடை கூடும், கசிந்தால் ரிம்மைத் தின்றுவிடும்.

மறைந்த செலவு இரண்டு. புகை விதிகள் கடுமையான நாடுகளில் 19 கிலோவாட், அதாவது ஏறக்குறைய 25 ஹெச்.பி., ஓர் எல்லைக்கோடு. அதைத் தாண்டிய எஞ்சின்களில் பெரும்பாலும் புகைக்கரி வடிகட்டி சேர்ந்துவிடும். தினமும் பத்து நிமிடம் ஓட்டி அணைக்கும் சின்ன வேலைகளில் அந்த வடிகட்டி சூடேறாமல் அடைத்துக்கொள்ளும். கோட்டுக்குக் கீழே 24 சொச்சத்தில் இத்தனை மாடல்கள் குவிந்திருப்பது தற்செயல் இல்லை. உங்கள் வேலை துண்டு துண்டானது என்றால் அந்தக் கோட்டுக்குக் கீழேயே இருப்பது நல்லது.

இரண்டாவது, எண்ணெய். கியர், ஹைட்ராலிக் இரண்டுக்கும் ஒரே தொட்டி. 20 முதல் 30 லிட்டர் பிடிக்கும். பல மாடல்களில் முதல் 50 மணியிலேயே அதன் ஃபில்டரை மாற்றச் சொல்வார்கள். புது கியர்களின் பொடி அதில்தான் வந்து சேரும், அதை விட்டுவிட்டால் பம்ப் தேய்கிறது.

## பழைய பெரிய டிராக்டர்

புது மினி வண்டியின் விலைக்குப் பழைய 40 ஹெச்.பி. வண்டி கிடைக்கும்போது மனசு அலைபாயும். திறந்த நிலம், அகலமான வழி, கனமான டிரெய்லர் வேலை, அதோடு ஸ்பேனர் பிடிக்கத் தெரிந்த ஒருவர் வீட்டில் இருந்தால் இது நல்ல வாங்கல். தோப்புக்குள் ஓட்ட வேண்டும் என்றால் மறந்துவிடுங்கள். அடிக்கடி சுற்றித் திரும்புவதில் மண் இறுகும், கிளைகள் உடையும்.

பார்க்க வேண்டியவை, இதே வரிசையில்:

எஞ்சினைத் தொட்டுப் பாருங்கள். நீங்கள் வருவதற்கு முன்பே சூடாக இருந்தால் யாரோ முன்கூட்டியே கிளப்பியிருக்கிறார்கள். ஆறவிட்டுத்தான் கிளப்பச் சொல்ல வேண்டும். ஓடும்போது எண்ணெய் ஊற்றும் மூடியைத் திறந்து பாருங்கள். துடிதுடித்துப் புகை தள்ளினால் பிஸ்டன் ரிங்கோ லைனரோ போய்விட்டது.

ஹைட்ராலிக் எண்ணெய் அளவு பார்க்கும் கம்பியை உருவிப் பாருங்கள். பால் நிறத்தில் இருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது. கியர் லீவரின் ரப்பர் உறை கிழிந்து மழையில் நின்ற வண்டிகளில் இது சகஜம்.

கனமான கருவியைத் தூக்கி எஞ்சினை அணைத்துவிட்டு அரை மணி நேரம் டீ குடியுங்கள். கருவி தரையைத் தொட்டிருந்தால் லிஃப்ட் சிலிண்டரின் ஓ-ரிங்கோ வால்வோ கசிகிறது.

டாப் கியர் போட்டு, பிரேக்கை முழுதாக மிதித்துக்கொண்டு, பாதி வேகத்தில் கிளட்சை மெதுவாக விடுங்கள். எஞ்சின் உடனே அணைய வேண்டும். அணையாமல் ஓடிக்கொண்டே இருந்தால் கிளட்ச் தட்டு வழுக்குகிறது. அதை மாற்றுவதற்கு வண்டியை நடுவில் இரண்டாகப் பிரிக்க வேண்டும். கூலிதான் பெரிய தொகை.

முன் அச்சை ஜாக்கியில் தூக்கி, சக்கரத்தை மேலும் கீழும் ஆட்டுங்கள். சக்கரம் திரும்பும் கிங் பின், அச்சைத் தாங்கும் நடு பின் இவற்றின் ஆட்டம் தெரியும். பின் ரிம்மின் உட்பக்கம் எண்ணெய் ஈரம் இருந்தால் அச்சு சீல். பி.டி.ஓ. தண்டின் பற்கள் கத்தி முனைபோல் கூராக இருந்தால் தேய்ந்தது. மணி காட்டும் மீட்டரை நம்புவதைவிட பெடல் ரப்பரையும் இழுவைக் கட்டையின் துளை நீண்டிருக்கிறதா என்பதையும் நம்பலாம்.

ஒரு எச்சரிக்கை. ஜப்பானில் உள்நாட்டு விற்பனைக்குச் செய்து, பழையதாக ஏற்றுமதியாகி வரும் சின்ன வண்டிகள் ரோட்டரியோடு சேர்த்து மலிவாகக் கிடைக்கும். எஞ்சின் அருமையாக இருக்கும். ஆனால் அவற்றில் பலவற்றில் பி.டி.ஓ.வுக்கு மூன்று நான்கு வேகங்கள் உண்டு. உங்கள் கருவி நிமிடத்துக்கு 540 சுற்றுக்கு உரியது. தவறிப்போய் மூன்றாவது வேகத்தில் போட்டால் கருவி சிதறும். உதிரி பாகம் எங்கிருந்து வரும் என்ற கேள்வியும் நிற்கும்.

## வாடகை

ஆண்டுக்கு நாற்பது ஐம்பது மணிக்குக் கீழே வேலை இருந்தால் வாங்காதீர்கள் என்பது எங்கள் கருத்து. ஓடாத வண்டியும் செலவு வைக்கும்: பேட்டரி இறங்கும், டீசல் கெடும், டயரில் வெடிப்பு விழும், எலி ஒயரைக் கடிக்கும். வாடகையில் இடிப்பது நேரம். மழைக்குப் பிறகு மண் பதமாக இருப்பது இரண்டு மூன்று நாள்தான், அந்த நாள்களில் எல்லாருக்கும் வண்டி வேண்டும். பதம் தவறினால் மொத்தப் பருவமும் போகும் பயிர் என்றால் சின்னதாகவாவது சொந்தமாக இருக்கட்டும். நடுவழியும் உண்டு: பவர் டில்லர் சொந்தம், ஆண்டுக்கு ஒருமுறை ஆழ உழவு வாடகை. இரண்டு ஏக்கருக்குள் இதுவே பெரும்பாலும் மலிவு.

## எந்த வகையானாலும்: கியரும் பி.டி.ஓ.வும்

உழவுதான் முக்கிய வேலை என்றால் கியர் வண்டி. வலு குறைவாக வீணாகும், பழுது பார்ப்பதும் எளிது. லோடரை முன்னும் பின்னும் நூறு தடவை ஆட்ட வேண்டும், புல் வெட்ட வேண்டும் என்றால் ஹைட்ரோஸ்டாடிக். கிளட்ச் தேயாது, ஆனால் எண்ணெயும் ஃபில்டரும் சொன்ன மணிக்கு மாற்றியே தீர வேண்டும். இரண்டுக்கும் நடுவே ஷட்டில் கியர் இருக்கிறது, ஒரே லீவரில் முன்னும் பின்னும் மாற்றலாம். ரோட்டவேட்டருக்கு மணிக்கு 1 கிலோமீட்டருக்கும் கீழே ஊரும் கியர் இருந்தால் கடினமான மண்ணில் கை கொடுக்கும்.

பழைய வண்டிகளிலும் சில மலிவான புது வண்டிகளிலும் பி.டி.ஓ. கியர்பெட்டி வழியாகவே ஓடும். கிளட்சை மிதித்தாலும் ஸ்லாஷரின் கனமான பிளேடு சுழல்வதை நிறுத்தாது. அந்தச் சுழற்சி பின்னாலிருந்து கியர்பெட்டியைச் சுழற்றி வண்டியை முன்னே தள்ளும். வேலியில் போய் இடித்த பிறகே பலருக்கு இது புரிகிறது. பி.டி.ஓ. தண்டில் ஓவர்ரன்னிங் கிளட்ச் (வலுவை ஒரு பக்கம் மட்டும் கடத்துவது) ஒன்றைப் போட்டால் தீர்ந்தது. தனி கிளட்ச் உள்ள பி.டி.ஓ. என்றால் இந்தத் தொல்லையே இல்லை.

பி.டி.ஓ.வையும் கருவியையும் இணைக்கும் கார்டன் ஷாஃப்டை அப்படியே மாட்டிவிடாதீர்கள். கருவியை மாட்டி, லிஃப்டை மேலும் கீழும் ஆட்டி, தண்டு மிகக் குறுகும் நிலையை அளந்து, அதற்கும் இரண்டு மூன்று செ.மீ. இடைவெளி இருக்கும்படி உள் வெளிக் குழாய்களை ஒரே அளவு வெட்ட வேண்டும். மிக நீளும் நிலையிலும் ஒன்றுக்குள் ஒன்று மூன்றில் ஒரு பங்காவது இருக்க வேண்டும். நீளமாக விட்டால் முதல் பள்ளத்திலேயே பி.டி.ஓ. பேரிங் உடையும். 540 சுற்று என்றால் நொடிக்கு ஒன்பது சுற்று. பிளாஸ்டிக் உறை இல்லாத தண்டுக்குப் பக்கத்தில் வேட்டியோ துப்பட்டாவோ போகக் கூடாது.

வண்டி கவிழ்ந்தால் ஓட்டுபவரைக் காக்கும் வளைவுச் சட்டம் நிமிர்ந்திருக்கும்போது சீட் பெல்ட் போடுங்கள். கிளைக்காக அதை மடக்கினால் பெல்ட்டைக் கழற்றுங்கள். மடக்கிய சட்டத்தோடு கட்டிக்கொண்டு கவிழ்வது ஆகக் கொடியது.

## பணம் கட்டும் முன்

டீலரிடம் மூன்று பொருளின் பெயரைச் சொல்லி, இப்போது அலமாரியில் இருக்கிறதா என்று கேளுங்கள்: ஹைட்ராலிக் ஃபில்டர், கிளட்ச் தட்டு, முன் அச்சு சீல். "வரவழைத்துத் தருகிறோம்" என்றால் உழவு நேரத்திலும் அதே பதில்தான்.

பிறகு வண்டியை உங்கள் நிலத்துக்கே கொண்டுவரச் சொல்லி, நீங்கள் வாங்கப்போகும் கருவியோடு ஓட்டிப் பாருங்கள். பின் டயரில் சுண்ணாம்பால் ஒரு கோடு போடுங்கள். கருவியைத் தூக்கியபடி சக்கரம் பத்து சுற்று சுற்றும் தூரத்தை அளந்து, கருவியை மண்ணில் இறக்கி மறுபடி பத்து சுற்று ஓட்டி அளக்கவும். முதலில் 30 மீட்டர், இரண்டாவது 26 மீட்டர் என்றால் வழுக்கல் 13 சதவீதம், நல்லது. 24க்குக் கீழே இறங்கினால் 20 சதவீதத்தைத் தாண்டிவிட்டது. எடை கூட்டியும் டயர் காற்றைச் சரிசெய்தும் இன்னொரு முறை அளந்து பார்த்து, அப்போதும் மாறவில்லை என்றால் கருவியை ஒரு அளவு குறையுங்கள் அல்லது வண்டியை ஒரு அளவு கூட்டுங்கள். ரோட்டவேட்டரில் மட்டும் இந்த அளவு பொய் சொல்லும், அதன் கத்திகளே வண்டியை முன்னே தள்ளுவதால். கலப்பையை வைத்து அளந்து பாருங்கள்.